தனியாக ஒரு சாப்பாட்டு அறை

என் அம்மாச்சி கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். எங்கள் பக்கம் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். மருந்து முக்குவதற்கு முன்னால் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் பதித்து வைப்பதுதான் கட்டை அடுக்குவது. எத்தனை கட்டையோ அத்தனைக்குத்தான் கூலி.

"மத்தியானம் எங்க உக்காந்து சாப்பிடுவீங்க அம்மாச்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க போறது? கட்டையைத் தள்ளி வச்சிட்டு அங்கனயே சாப்பிட்டுற வேண்டியதுதான். எந்திரிச்சுப் போயிட்டு வந்தா ரெண்டு கட்டை கொறஞ்சிருமே."

அதை நான் ரொம்ப நாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு 1888-ல் லண்டனில் தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்தேன். அவர்கள் ஜெயித்து வாங்கியவற்றின் பட்டியலில் ஒரு வரி என்னை நிறுத்தியது: வேலை செய்யும் இடத்துக்கு வெளியே, சாப்பிடுவதற்குத் தனியாக ஓர் அறை. அதை ஏன் போராடி வாங்க வேண்டியிருந்தது என்று தேடிப் போனபோது, அந்த அறையிலிருந்து கிளம்பும் பாதை சென்னை வழியாக எங்கள் ஊர் வரைக்கும் வந்தது.

முதலில் விஷத்தைச் சொல்லிவிடுகிறேன். 1830-களிலிருந்து ஐரோப்பாவில் பரவிய தீக்குச்சிகளின் தலையில் இருந்தது வெள்ளை பாஸ்பரஸ். சுவர், செருப்பின் அடிப்பாகம், எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். விலையும் மலிவு. ஆனால் மருந்து கலக்கும் இடத்திலும் முக்கும் இடத்திலும் அதன் ஆவி காற்றில் நிற்கும். அது சொத்தைப் பல் வழியாகத் தாடை எலும்புக்குள் போகும். முதலில் பல்வலி. அப்புறம் கன்னம் வீங்கும், ஈறு சீழ் கட்டும், கடைசியில் தாடை எலும்பே செத்து அழுகும். அந்த நாற்றத்தில் வீட்டு ஆட்களாலேயே பக்கத்தில் உட்கார முடியாது. தாடையை அறுத்து எடுப்பதுதான் வைத்தியம். தொழிலாளர்கள் இதற்கு வைத்த பெயர் ‘ஃபாஸி ஜா’, அதாவது பாஸ்பரஸ் தாடை. வியன்னாவைச் சேர்ந்த லோரின்சர் என்ற மருத்துவர் 1840-களிலேயே இந்த நோயைப் பதிவு செய்துவிட்டார்.

அதே 1840-களில், அதே வியன்னாவில், ஆன்டன் ஷ்ரோட்டர் என்ற வேதியியலாளர் வெள்ளை பாஸ்பரஸைச் சூடாக்கி நச்சற்ற சிவப்பு பாஸ்பரஸாக மாற்றும் வழியைக் காட்டினார். 1850-களில் ஸ்வீடனின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் தடவி, பாதுகாப்பான தீக்குச்சியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நம் வீட்டில் இருக்கும் தீப்பெட்டி அந்த வகைதான். அதற்கான பிரிட்டிஷ் காப்புரிமையை 1855-ல் வாங்கியது பிரையன்ட் அண்ட் மே நிறுவனம். முப்பத்து மூன்று வருடம் கழித்து வேலைநிறுத்தம் நடந்தது அதே நிறுவனத்தின் கிழக்கு லண்டன் ஆலையில்தான்.

நோயும் தெரியும், மாற்றும் தெரியும், மாற்றுக்கான உரிமை கையிலேயே இருக்கிறது. அப்படியும் வெள்ளை பாஸ்பரஸ் குச்சி தொடர்ந்து தயாரானது. மலிவாக விற்றது என்பதைத் தவிர வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

1888 ஜூன் 23 அன்று அன்னி பெசன்ட் ‘தி லிங்க்’ என்ற தன் பத்திரிகையில் அந்த ஆலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆமாம், நம் அடையாறு பெசன்ட்தான். அப்போது அவர் லண்டனில் சோஷலிஸ்ட். கட்டுரையில் முக்கியமாக இருந்தது கூலியும் அபராதமும். கால் அழுக்காக இருந்தால் அபராதம், பேசினால் அபராதம், எரிந்த குச்சியைப் பெஞ்சில் வைத்தால் ஒரு ஷில்லிங் அபராதம். வாரம் முழுக்க வேலை பார்த்து நாலு ஷில்லிங் வாங்கும் பெண்ணுக்கு ஒரு ஷில்லிங் என்றால் என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். பங்குதாரர்களுக்கோ 20 சதவீதத்துக்கு மேல் லாப ஈவு போய்க்கொண்டிருந்தது.

கட்டுரையில் இருப்பது பொய் என்று தொழிலாளிகளிடம் கையெழுத்து வாங்கப் பார்த்தது நிர்வாகம். பெண்கள் மறுத்தார்கள். ஒருத்தியை வேலையைவிட்டு நிறுத்தியதும் மற்றவர்கள் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். சில நாட்களில் சுமார் 1400 பேர். இரண்டு வாரம் ஆலை நின்றது. லண்டன் தொழிற்சங்கக் கவுன்சில் நடுவில் வந்து பேசியது. அபராதங்கள் ஒழிந்தன, நிறுத்தப்பட்டவர்கள் திரும்ப வந்தார்கள். தனிச் சாப்பாட்டு அறைக்கும் நிர்வாகம் ஒத்துக்கொண்டது. அதுவரை பாஸ்பரஸ் படிந்த பெஞ்சிலேயே ரொட்டியை வைத்துத் தின்றுகொண்டிருந்தவர்கள் அவர்கள். ஜூலை மாதத்துக்குள் அவர்களுக்கென ஒரு சங்கமும் உருவானது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் பெசன்ட்டின் கதையாகவே சொல்வார்கள். படித்த ஒரு பெண் வந்தார், ஏழைப் பெண்களைத் தட்டி எழுப்பினார் என்று. 2009-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் வரலாற்றாசிரியர் லூயிஸ் ரா இதைத் திருப்பிப் போடுகிறார். வேலைநிறுத்தத்தைத் தொடங்கியதும் நடத்தியதும் அந்தப் பெண்களேதான், பெசன்ட் அதைத் திட்டமிடவில்லை என்பது அவருடைய வாதம். எனக்கு இது நம்பும்படி இருக்கிறது. கட்டுரை வெளியே எழுதப்படலாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேஸ்திரி முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியவள் உள்ளே இருப்பவள்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வேலைநிறுத்தம் வெள்ளை பாஸ்பரஸை நிறுத்தவில்லை. விஷத்திலிருந்து சோற்றைப் பிரித்தது, அவ்வளவுதான். 1898-ல் அதே நிறுவனம் 17 தாடை நோய்களை அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்தது வெளியே வந்தது. நீதிமன்றம் போட்ட அபராதம் 25 பவுண்டு சொச்சம். அவர்கள் வெள்ளை பாஸ்பரஸைக் கைவிட்டது 1901-ல்.

சரி, ஒரு நாடு சட்டம் போட்டுத் தடை செய்தால் என்ன? ஸ்விட்சர்லாந்து அதைச் செய்து பார்த்தது. 1879-ல் தடை செய்தது. எல்லை தாண்டிக் கள்ளத்தனமாகக் குச்சிகள் வந்தன, வீடுகளில் திருட்டுத்தனமாகத் தயாரானது இன்னும் மோசம். 1882-ல் தடையை நீக்கிவிட்டார்கள். மறுபடி தடை போட 1898 ஆனது. அந்த 1898-லேயே பிரான்சும் மாறியது. அங்கே தீப்பெட்டி அரசின் ஏகபோகம், ஆலைத் தொழிலாளர்களிடம் வலுவான சங்கம் இருந்தது. 1890-களில் அவர்கள் திரும்பத் திரும்ப வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசின் வேதியியலாளர்கள் விஷமில்லாமல் எங்கே உரசினாலும் பற்றும் ஒரு கலவையைக் கண்டுபிடித்தார்கள். ‘அந்த வசதி வேண்டுமென்றால் வெள்ளை பாஸ்பரஸ்தான்’ என்று முதலாளிகள் சொல்லிவந்த கடைசிச் சாக்கும் போனது.

ஸ்விட்சர்லாந்தின் தோல்வி சொன்ன பாடம் எளிது. நான் நிறுத்தினால் பக்கத்து நாட்டுக்காரன் மலிவாக விற்பான் என்கிற பயம் இருக்கும்வரை யாரும் நிறுத்த மாட்டார்கள். எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும், இறக்குமதியையும் சேர்த்து நிறுத்த வேண்டும். பேசலில் அலுவலகம் வைத்திருந்த பன்னாட்டுத் தொழிலாளர் சட்டச் சங்கம் இதற்காக வேலை செய்தது. 1906 செப்டம்பர் 26 அன்று பெர்ன் நகரில் ஏழு நாடுகள் கையெழுத்திட்டன. வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிகளைச் செய்யவும் கூடாது, கொண்டுவரவும் கூடாது, விற்கவும் கூடாது. தொழிலாளியின் உடம்புக்காகப் பல நாடுகள் சேர்ந்து போட்ட முதல் ஒப்பந்தங்களில் ஒன்று இது. பிரிட்டன் முதலில் கையெழுத்திடவில்லை, 1908-ல்தான் வழிக்கு வந்தது. அமெரிக்கா ஒப்பந்தத்தில் சேராமல், 1912-ல் நூறு குச்சிக்கு இரண்டு சென்ட் வரி போட்டு விஷக் குச்சியை லாபமில்லாததாக ஆக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது.

இனி சென்னை. 1893-ல் இந்தியாவுக்கு வந்த பெசன்ட், பிறகு அடையாறில் பிரம்மஞான சபையின் தலைவரானார். அவருடைய நெருங்கிய சகா பி.பி. வாடியா. பெரம்பூரில் பக்கிங்காம் அண்ட் கர்னாடிக் மில் தொழிலாளர்களின் நிலையைச் சொல்லி வாடியாவைத் தேடிப் போனவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். திரு.வி.க. அதில் துணைத் தலைவர். அங்கே தொழிலாளர்கள் முன்வைத்த முக்கியமான குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரைமணி நேரம் போதவில்லை என்பது. மறுபடியும் சோறு!

அடுத்த வருடம் அக்டோபர் கடைசியில் வாஷிங்டனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு. இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாக என்.எம். ஜோஷி போனார், ஆலோசகராகப் போனவர் வாடியா. அந்த மாநாடு நிறைவேற்றிய ஆறாவது பரிந்துரை ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறது: இதுவரை 1906 பெர்ன் ஒப்பந்தத்தில் சேராத நாடுகள் சேர வேண்டும். பெரம்பூர் மில் தொழிலாளிகளின் தலைவர் கலந்துகொண்ட மாநாட்டில் லண்டன் பெண்களின் தாடை எலும்பு விவகாரம் முடிவுக்கு வந்தது.

ஆனால் அதே மாநாடு இன்னொன்றும் செய்தது. அதன் முதல் உடன்படிக்கை எட்டு மணி நேர வேலை, வாரம் 48 மணி. அதில் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனி விதி, வாரம் 60 மணி. விஷம் எல்லோருக்கும் ஒன்றுபோலக் கெட்டது என்று ஏற்றுக்கொண்டார்கள். களைப்பு மட்டும் இந்தியனுக்கு வேறாம்.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. ஒரு பொருளைத் தடை செய்வது ஒப்பீட்டளவில் சுலபம். அதற்குப் பெயர் இருக்கிறது, சுங்கச் சாவடியில் பிடிக்கலாம், மாற்றும் இருக்கிறது. நேரமும் கூலியும் உட்காரும் இடமும் அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் எழுதினாலும், ஒவ்வொரு ஆலை வாசலிலும் உள்ளே இருப்பவர்கள் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கும் விலை இருந்தது. பெரம்பூரில் சங்கம் வைத்ததற்காக மில் நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் தடையுத்தரவும் கொடுத்தது, கடைசியில் அவர் சங்கத்தைவிட்டு விலக வேண்டியிருந்தது. தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-ல்தான்.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு அடுத்த வருடம் ஊர் திரும்பினார்கள். அப்போது சட்டம் வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. எங்கள் கரிசல் மண்ணுக்குத் தீக்குச்சி வரும்போதே அந்த விஷம் கழன்றுதான் வந்தது. என் அம்மாச்சியின் தாடை கடைசிவரை முகத்தில் இருந்ததற்கு, அவர் பேரே கேள்விப்படாத கிழக்கு லண்டன் பெண்களும் பிரெஞ்சுத் தொழிலாளர்களும் ஒரு காரணம்.

மற்றவை கழலவில்லை. மருந்து தீப்பற்றும் ஆபத்து இருந்தது. சின்ன விரல்கள் வேகமாக அடுக்கும் என்று குழந்தைகளை விடியற்காலை வண்டியேற்றிக் கூட்டிப்போன காலம் இருந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்புச் சொன்னது 1996-ல். பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சேர்த்தது 2022 ஜூனில். லண்டன் பெண்கள் எழுந்து வெளியே வந்ததிலிருந்து எண்ணினால் 134 வருடம்.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு அம்மாச்சியிடம் கேட்டேன். "உங்க ஆபீஸ்ல சங்கம் இருந்துச்சா?"

சிரித்தார். "சங்கமா? அதெல்லாம் மில்லுக்காரவுகளுக்கு. எங்களுக்கு ஏது?"

லண்டனில் 1400 பெண்கள் சேர்ந்து ஓர் அறை வாங்கினார்கள் என்று சொன்னேன். சாப்பிடுவதற்கு மட்டும் ஓர் அறை. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அந்தச் சாப்பிடுற நேரத்துக்கும் கூலி உண்டா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. பெர்னிலும் வாஷிங்டனிலும் எழுதியதில் அதற்குப் பதில் இல்லை. கட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு அறை கட்டிக் கொடுத்தாலும் அவள் எழுந்து போக மாட்டாள்.