பாராசூட் விரிந்தாலும் உயிர் போகும்! 'பருந்து மனிதர்களை' பயமுறுத்தும் கடைசி 100 அடி

ராமநாதபுரத்தில் இருந்து ராமேசுவரம் போகிற ரோட்டில் உச்சிப்புளி வரும். அங்குள்ள கடற்படை விமான தளத்துக்கு பெயர் ஐ.என்.எஸ். பருந்து. 2009-ம் ஆண்டு முதல் இந்த பெயர். ஹெலிகாப்டர், டோர்னியர் விமானம், ஆளில்லா விமானம் என்று எல்லாம் பறக்கிற இடத்துக்கு பொருத்தமான பெயர்தான்.

ஆனால் விமானத்துக்குள் உட்காராமல், தன் உடம்பையே பருந்து மாதிரி ஆக்கிக்கொண்டு பறக்கிற மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். கை, கால்களுக்கு நடுவே சிறகு தைத்த உடுப்பு. அதற்கு பெயர் 'விங்சூட்'. இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் பாராசூட்டில் மெதுவாக மிதந்து வர மாட்டார்கள். 100 கி.மீ. வேகத்துக்கு மேல் பாய்ந்து வந்து, தரையை உரசிக்கொண்டே போய் நிற்பார்கள். இதற்கு 'ஸ்வூப்' என்று பெயர்.

யூ-டியூப்பில் பார்த்து 'அடேங்கப்பா' என்று வாய் பிளக்கிற நம்ம ஊர் பசங்களுக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. இந்த விளையாட்டில் ஆளை கொல்வது விரியாத பாராசூட் மட்டும் அல்ல. நன்றாக விரிந்த பாராசூட்டோடு தரைக்கு வரும்போதும் ஆள் சாகிறார்!

அய்யர் வாத்தியார் காட்டிய பறவை

சிறகு எப்படி வேலை செய்கிறது என்பதை ராமேசுவரத்துக்காரர்களுக்கு புதிதாக சொல்ல வேண்டியதில்லை. அப்துல் கலாம் 5-ம் வகுப்பு படித்தபோது சிவசுப்பிரமணிய அய்யர் என்ற வாத்தியார் கரும்பலகையில் பறவை படம் வரைந்து, அது பறக்கிற விதத்தை விளக்கினார். பிள்ளைகளுக்கு புரியவில்லை என்றதும் எல்லோரையும் கடற்கரைக்கே கூட்டிப்போய் நிஜ பறவைகளை காட்டினார். தன் வாழ்க்கையை திருப்பிப்போட்டது அந்த பாடம்தான் என்று கலாம் கடைசி வரை மேடைக்கு மேடை சொல்லி வந்தார். விமானப்படை பைலட் தேர்வில் 8 பேருக்கு இடம் இருக்க, 9-வதாக வந்து வாய்ப்பை இழந்தவர் அவர். ஜனாதிபதி ஆன பிறகு 2006-ம் ஆண்டு ஜூன் 8-ந்தேதி புனேயில் சுகோய் போர் விமானத்தில் பறந்து அந்த ஆசையை தீர்த்துக்கொண்டார்.

பாம்பன், மண்டபம் மீன்பிடி தளத்தில் நின்று செம்பருந்தை கவனித்தால் மொத்த விஷயமும் அதில் இருக்கிறது. உயரத்தில் சிறகை அசைக்காமல் சறுக்கிக்கொண்டே இருக்கும். மீனை பார்த்துவிட்டால் சிறகை ஒடுக்கி 'சர்'ரென்று பாயும். தண்ணீரை தொடுகிற நேரத்தில் சிறகை விரித்து மேலே எழும்பிவிடும். உயரத்தில் சறுக்குவது விங்சூட். பாய்ந்து எழும்புவது ஸ்வூப். கணக்கு தப்பினால் பருந்து நனைந்துவிட்டு எழுந்துவிடும். மனிதனுக்கு அந்த கொடுப்பினை இல்லை.

நிமிடத்துக்கு நிமிடம்

சாதாரணமாக விமானத்தில் இருந்து குதிப்பவர் மணிக்கு சுமார் 200 கி.மீ. வேகத்தில் கல் மாதிரி கீழே வருவார். 13,000 அடியில் குதித்தால் ஒரு நிமிடத்தில் பாராசூட்டை விரிக்க வேண்டிய உயரம் வந்துவிடும்.

விங்சூட் போட்டவர் கதை வேறு. உடுப்பின் முன் பக்கம் உள்ள துவாரங்கள் வழியாக காற்று புகுந்து துணி தலையணை மாதிரி உப்பிக்கொள்ளும். உப்பிய துணிதான் சிறகு. அப்புறம் கீழே இறங்குகிற வேகம் 60, 70 கி.மீ. அளவுக்கு குறைந்துவிடும். ஒரு அடி இறங்கினால் இரண்டரை, மூன்று அடி முன்னால் போகலாம். அதே உயரத்தில் இருந்து 2, 3 நிமிடம் வரை ஆகாயத்தில் இருப்பார். மேலே எழும்ப மட்டும் முடியாது. என்ஜின் கிடையாது அல்லவா?

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. குதிப்பவர் மயங்கிவிட்டால் தானாகவே மாற்று பாராசூட்டை விரிக்கிற ஒரு கருவி முதுகு பைக்குள் இருக்கும். ஜெர்மனியில் 1991-ல் வந்த 'சைப்ரஸ்' என்ற கருவி இதில் பிரபலம். சுமார் 750 அடி உயரத்துக்கு வந்தும் ஆள் மணிக்கு 125 கி.மீ. வேகத்துக்கு மேல் விழுந்துகொண்டு இருந்தால் அது வேலை செய்யும். விங்சூட்காரர் அந்த வேகத்தில் விழுவதே இல்லை. ஆக, கருவி 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்று நினைத்து சும்மா இருந்துவிடக்கூடும்! இதற்காகவே விங்சூட்டுக்கு என்று தனி கருவி பிறகு வந்தது.

கையும் காலும் துணிக்குள் மாட்டிக்கொண்டு இருப்பது இன்னொரு தலைவலி. பாராசூட் முறுக்கிக்கொண்டால் கையை உயர்த்தி பிரிப்பதற்கே முதலில் ஜிப்பை திறக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்க பாராசூட் சங்கம், குறைந்தது 200 தடவை குதித்த அனுபவம் இல்லாதவர் விங்சூட் பக்கமே போகக்கூடாது என்கிறது.

சிறகு கட்டி செத்தவர்கள்

சிறகு ஆசை பழைய ஆசை. 1912 பிப்ரவரியில் பாரீசில் பிரான்ஸ் ரீசெல்ட் என்ற தையல்காரர் தானே தைத்த பாராசூட் உடுப்போடு ஈபிள் கோபுரத்தின் முதல் தளத்தில் இருந்து குதித்தார். 57 மீட்டர் உயரம். விழுந்த இடத்திலேயே உயிர் போனது. கேமராக்காரர்கள் அதை படம் பிடித்துக்கொண்டு இருந்தார்கள் என்பதுதான் கொடுமை. அமெரிக்காவின் கிளெம் சோன், துணி சிறகு கட்டி பறந்து காட்டி ஊர் ஊராக பேர் வாங்கியவர். 1937 ஏப்ரலில் பிரான்சில் பெருங்கூட்டத்தின் முன்னால் குதித்தபோது இரண்டு பாராசூட்டும் கைவிட்டன.

இப்போதைய விங்சூட்டுக்கு வழி காட்டியவர் பிரான்சை சேர்ந்த பாட்ரிக் டி கயார்டோன். 1990-களில் இவர் காட்டிய வித்தையை பார்த்துத்தான் உலகமே விங்சூட்டை நம்பியது. 1998 ஏப்ரல் 13-ந்தேதி ஹவாயில் அவரும் இறந்தார். சிறகால் அல்ல. பாராசூட் பையில் தானே செய்த ஒரு மாற்றம் பாராசூட்டை சிக்க வைத்துவிட்டது. அடுத்த ஆண்டே பின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் சேர்ந்து 'பேர்ட்மேன்' கம்பெனி தொடங்கி விங்சூட்டை கடை சரக்காக்கினார்கள்.

பாராசூட்டே இல்லாமல் இறங்கியவரும் உண்டு. இங்கிலாந்தின் கேரி கானரி, 2012 மே 23-ந்தேதி ஹெலிகாப்டரில் இருந்து சுமார் 2,400 அடியில் விங்சூட்டோடு குதித்து, 18,600 அட்டை பெட்டிகளை அடுக்கிய மேட்டில் வந்து விழுந்தார். எழுந்து நடந்தார்! சினிமா சண்டை காட்சியில் டூப் போடுகிற தொழில் அவருக்கு. எத்தனை பெட்டி வேண்டும் என்று கணக்கு போட தெரிந்தவர்.

ஒன்றரை வேட்டி அகலம்

பிரப்பன்வலசை பக்கம் கடலில் காத்தாடியை கட்டிக்கொண்டு பலகையில் சீறிப்பாயும் 'கைட் சர்பிங்' விளையாட்டை நம்ம ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். காற்றை வாங்குகிற அந்த துணி வெறும் குடை இல்லை, சிறகு. இன்றைய பாராசூட்டும் அப்படித்தான். பழைய வட்ட பாராசூட் போய், மெத்தை மாதிரி அறை அறையாக தைத்த செவ்வக பாராசூட் வந்துவிட்டது. டோமினா ஜால்பெர்ட் என்ற அமெரிக்கர் 1964-ல் கண்டுபிடித்தது இதற்கு மூலம். இதை திருப்பலாம், நிறுத்தலாம், பாய விடலாம்.

புதிதாக பழகுபவருக்கு கொடுக்கிற பாராசூட் 280 சதுர அடி அளவில் இருக்கும். கிட்டத்தட்ட ஆறு எட்டு முழ வேட்டியை சேர்த்து தைத்த மாதிரி. ஸ்வூப் வீரரின் பாராசூட் 70 சதுர அடிதான். ஒன்றரை வேட்டி! ஒவ்வொரு சதுர அடி துணியும் ஒரு கிலோவுக்கு மேல் சுமக்கிறது. அதுவும் போதாது என்று, இன்னும் வேகம் வேண்டி, இடுப்பில் ஈயக்கட்டி கட்டிக்கொண்டு குதிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இவர்கள் தரைக்கு சில நூறு அடி மேலே இருக்கும்போது வேண்டுமென்றே ஒரு வட்டம் அடிப்பார்கள். முக்கால் சுற்று, சிலர் ஒன்றே கால் சுற்று. பாராசூட் மூக்கை குத்தி கீழே பாயும். ஆள் அதற்கு பக்கவாட்டில் வீசப்படுவார். சரியான நொடியில் அதை நிமிர்த்தினால், கீழே வந்த வேகம் எல்லாம் முன்னால் போகிற வேகமாக மாறிவிடும். போட்டியில் 10 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு குறி வைத்திருப்பார்கள். அதற்குள் புகுந்து, குளத்து தண்ணீரில் காலை இழுத்துக்கொண்டே போக வேண்டும். 2006-ல் வியன்னாவில் இதற்கு முதல் உலக சாம்பியன் போட்டி நடந்தது.

ஒரு நொடி தாமதமாக வட்டம் அடித்தால்? நிமிர்வதற்கு உயரம் பத்தாது. பாராசூட் கிழியவில்லை, சிக்கவில்லை, தலைக்கு மேல் அழகாக விரிந்திருக்கிறது. ஆனால் ஆள் கார் மோதிய வேகத்தில் தரையில் மோதுகிறார். சாகச வீரருக்கு மட்டும் வருகிற ஆபத்து என்று நினைக்க வேண்டாம். கீழே மரமோ கரண்ட் கம்பியோ வந்துவிட்டதே என்று பயந்து கடைசி நேரத்தில் ஒரு பக்க கயிறை இழுக்கிற புது ஆளுக்கும் இதே கதிதான். இழுத்த பக்கம் திரும்பும்போது பாராசூட் பாயத்தான் செய்யும்.

அமெரிக்காவில் 1970-களில் ஆண்டுக்கு சராசரியாக 40 பேருக்கு மேல் பாராசூட் விளையாட்டில் இறந்தார்கள். 2023-ல் சுமார் 36½ லட்சம் முறை குதித்ததில் இறந்தவர்கள் 10 பேர். கருவிகள் அவ்வளவு முன்னேறிவிட்டன. அப்படியும் ஆண்டுக்கு ஆண்டு சாவு பட்டியலில் பெரிய பங்கு, நல்ல பாராசூட்டோடு இறங்கும்போது நடக்கிற விபத்துக்குத்தான். கருவி திருந்திய அளவுக்கு மனுஷன் கை திருந்தவில்லை.

நம்ம நாட்டில்...

இந்திய விமானப்படையின் 'ஆகாஷ் கங்கா' பாராசூட் குழு 1987-ல் ஆக்ராவில் உருவானது. ரெயில்வேயில் வேலை பார்த்த ரேச்சல் தாமஸ் 1979-லேயே குதித்து, நாட்டின் முதல் பெண் ஸ்கைடைவர் ஆனார். 2002-ல் வடதுருவத்திலும் குதித்தார். புனேயை சேர்ந்த சீத்தல் மகாஜன் 2004-ல் அதே வடதுருவத்தில்தான் தன் முதல் குதியையே குதித்தார் என்றால் நம்ப முடிகிறதா? 2019 ஜூலையில் ஜோத்பூரில் விங் கமாண்டர் தருண் சவுத்ரி, எம்.ஐ-17 ஹெலிகாப்டரில் இருந்து 8,500 அடியில் விங்சூட்டோடு குதித்தார். விமானப்படை பைலட் ஒருவர் விங்சூட்டில் பறந்தது அதுவே முதல் முறை.

தமிழ்நாட்டுக்கு கசப்பான நினைவு ஒன்று உண்டு. 2014 பிப்ரவரியில் சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் பாராசூட் பயிற்சிக்கு வந்த பெங்களூரு இளம்பெண், பாராசூட் சரியாக விரியாததால் கீழே விழுந்து இறந்தார்.

மத்திய அரசு 2022 ஜூனில் வான் விளையாட்டு கொள்கை வெளியிட்டது. ஸ்கைடைவிங்கும் அந்த பட்டியலில் இருக்கிறது. பணத்தை கட்டுவதற்கு முன்னால் பயிற்சியாளரின் லைசென்ஸ், பையில் மாற்று பாராசூட், தானியங்கி கருவி, அது கடைசியாக சோதித்த தேதி ஆகியவற்றை கேட்டு வாங்கி பார்ப்பது அவரவர் உரிமை. கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் குதிக்கவே கூடாது.

கச்சான் அடித்தால்...

ராமேசுவரம் மாதிரி இடத்தில் இந்த விளையாட்டுக்கு பெரிய எதிரி காற்று. விங்சூட் உடுப்போடு வந்தாலும் கடைசியில் பாராசூட்டில்தான் இறங்கியாக வேண்டும். 3,000 அடியில் விரித்தால் தரைக்கு வர மூன்றரை நிமிடம் ஆகும். மணிக்கு 22 கி.மீ. காற்று அடித்தாலே அதற்குள் ஆளை 1¼ கி.மீ. தள்ளிக்கொண்டு போய்விடும். தனுஷ்கோடி மணல் திட்டில் ஒரு பக்கம் ஆண் கடல், மறுபக்கம் பெண் கடல். 1¼ கி.மீ. தள்ளினால் எங்கே போய் விழுவது? நனைந்த துணியும் கயிறும் சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவரே திணறுவார். கடலோரத்தில் குதிப்பவர்கள் மிதவை சட்டை போடுவதும், விங்சூட்காரர் பாராசூட் விரிந்ததும் முதல் வேலையாக கை ஜிப்பை திறந்துவிடுவதும் இதற்குத்தான்.

காற்றுக்கு எதிராக இறங்குவதுதான் முறை. பழகுபவரின் பாராசூட் மணிக்கு சுமார் 35 கி.மீ. வேகத்தில் முன்னேறும். 22 கி.மீ. எதிர்காற்றில் அது 13 ஆக குறையும், ஓடி நின்றுவிடலாம். அதே காற்றை முதுகில் வாங்கி இறங்கினால் 57 கி.மீ.! ஓடுகிற பைக்கில் இருந்து குதித்த மாதிரிதான்.

பாம்பன் பழைய பாலத்தில் ரெயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் விழாமல் ரெயில் நின்றுவிடுவது வழக்கமாக இருந்தது. நூற்றுக்கணக்கான டன் எடை உள்ள ரெயிலுக்கு அந்த கணக்கு. தனியாக குதிக்கும் பயிற்சி மாணவருக்கு அமெரிக்க பாராசூட் சங்கம் வைத்திருக்கும் எல்லை மணிக்கு 14 மைல், அதாவது சுமார் 22 கி.மீ. ஆடி மாத கச்சான் காற்றில் கைட் சர்பிங்காரர்களுக்கு கொண்டாட்டம். பாராசூட் மாணவர்கள் பையை இறக்கி வைத்துவிட்டு, காற்று தணிகிற வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.