அறிக்கை யார் கையில்? சிங்கப்பூரில் சுற்றுச்சூழல் ஆலோசனையின் ஒரு நூற்றாண்டு

1906இல் சிங்கப்பூரின் காலனி அரசு வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தது. பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்சன் கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்தவர். நகரில் இறப்பு ஏன் இவ்வளவு அதிகம் என்பதே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. 1907இல் வெளிவந்த அவரது அறிக்கை, காசநோயையும் நெரிசலையும் கட்டட அமைப்போடு முடிச்சுப் போட்டது. முதுகோடு முதுகு ஒட்டி நின்ற கடைவீடுகள், சன்னலே இல்லாத தடுப்பறைகள், காற்றும் வெளிச்சமும் நுழைய வழியில்லாத உட்பகுதிகள் எனக் காரணங்களை அடுக்கியது. வீடுகளின் பின்புறத்தை வெட்டிச் சந்து திறக்க வேண்டும் என்பது அவர் சொன்ன முக்கியத் தீர்வு.

லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா வட்டாரத்தின் கடைவீட்டு வரிசைகளுக்குப் பின்னால் இன்று ஓடும் சந்துகளை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். மலக்கூடை முறை 1987இல் முற்றாக ஒழியும்வரை, கூடை எடுப்போர் வந்துபோக உதவியவையும் இப்படிப்பட்ட பின்சந்துகளே. சந்துக்காக நிலம் இழந்த வீட்டு உரிமையாளர்கள் இழப்பீட்டுக்காக மல்லுக்கட்டினார்கள். தடுப்பறைகளில் குடியிருந்தவர்களோ ஆய்வுப் பொருளாக இருந்தார்கள். அறிக்கையின் வாசகர்களாக இல்லை. சூழல் ஆலோசனை என்பது அண்மைக்காலத் தொழில் என்று நாம் நினைத்துக்கொண்டாலும், அதன் அடிப்படை உறவு அன்றே அமைந்துவிட்டது: பணம் கொடுப்பவர், ஆராய்பவர், ஆராயப்படுபவர். இந்த மூவரில் யார், எப்போது அறிக்கையைப் படிக்கிறார் என்பதில்தான் பிந்தைய வரலாறு நகர்ந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சுதந்திர சிங்கப்பூர் 1970இல் தூய்மைக்கேட்டு எதிர்ப்புப் பிரிவையும் 1972இல் சுற்றுச்சூழல் அமைச்சையும் அமைத்தது. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்றார். தேக்காவின் ஓரமாக ஓடும் ரோச்சோர் கால்வாயும் காலாங் படுகையைச் சேர்ந்தது. பன்றிப் பண்ணைகளும் படகுகளும் தெருவோரக் கடைகளும் அகற்றப்பட்டு, 1987இல் பணி முடிந்தது. பெரும் சாதனைதான். ஆனால் திட்டமிட்டதும் அளந்ததும் நடத்தியதும் அரசே.

உண்மையான திருப்பம் 1992இல் வந்தது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் குழிப்பந்தாட்டத் திடல் அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் எதிர்ப்புக் கடிதத்தோடு நிற்கவில்லை. பறவை பார்ப்போரும் தாவரவியலாளர்களும் சேர்ந்து ஒரு தாக்க மதிப்பீட்டைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். 17,000க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டனர். திட்டம் கைவிடப்பட்டது. மதிப்பீட்டுக்குப் பணம் கொடுத்த மேம்பாட்டாளர் இங்கே யாருமில்லை. இந்த வரலாற்றில் அது அபூர்வம். 2001இல் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரை நில மீட்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தபோதும், தன்னார்வலர்கள் ஓதம் வடியும் நேரம் பார்த்து உயிரினங்களைப் பதிவு செய்தார்கள். ஆண்டு முடிவில் நில மீட்பு ஒத்திவைக்கப்பட்டது.

குறுக்குத் தீவு ரயில் பாதைதான் இந்த மூவர் உறவின் மிகத் தெளிவான சோதனைக்களம். 2013இல் அறிவிக்கப்பட்ட பாதை, மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை உள்ளடக்கிய மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியின் அடியில் செல்லக்கூடும் என்று தெரிந்ததும், இயற்கைச் சங்கம் அதே ஆண்டில் மாற்றுப் பாதையை முன்வைத்தது. நிலப் போக்குவரத்து ஆணையம் ஈஆர்எம் என்ற பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியது. சங்கத்தினருடன் நடந்த பேச்சுகளின் தடம் முதற்கட்ட அறிக்கையிலேயே தெரிகிறது: காட்டுக்குள் மண் ஆய்வுக்காகத் திட்டமிட்டிருந்த 72 துளைகள் 16 ஆகக் குறைந்தன, அவையும் ஏற்கெனவே உள்ள தடங்களிலும் வெட்டவெளிகளிலும் மட்டுமே. 2016 பிப்ரவரியில் அந்த அறிக்கையைப் படிக்க விரும்பியவர்கள் முதலில் ஆணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டியிருந்தது. குறை கூறப்பட்ட பிறகே அது இணையத்தில் ஏறியது.

முடிவு 2019 டிசம்பரில் வந்தது. காட்டைச் சுற்றிச் செல்லும் பாதைக்குக் கூடுதலாக சுமார் 200 கோடி வெள்ளி செலவாகும், பயண நேரம் ஆறு நிமிடம் கூடும் என்று கணக்கிட்ட அரசு, சுமார் 70 மீட்டர் ஆழத்தில் நேர்ப்பாதையையே தேர்ந்தது. மக்கள் பங்கேற்பு, பணி நடக்கும் விதத்தை மாற்றியது, வழித்தடத்தை மாற்றவில்லை. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் சங்கம் கேட்டது இதுவல்ல.

2020 அக்டோபரில் மதிப்பீட்டு முறையை வலுப்படுத்தும் மாற்றங்கள் அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பின் மை காய்வதற்குள், 2021 பிப்ரவரியில் கிராஞ்சி விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது: ஆய்வு முடியும் முன்பே அங்கே சில ஹெக்டேர் காடு தவறுதலாக அழிக்கப்பட்டிருந்தது. அறிக்கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், மண்வாரி இயந்திரம் அதற்கு முன்னால் போய்விட்டால் பயனில்லை. சிங்கப்பூரில் தாக்க மதிப்பீட்டுக்கென்று தனிச் சட்டம் இல்லை. திட்டமிடல் அனுமதியின் ஓர் அங்கமாகவே அது கேட்கப்படுகிறது. ஆலோசகருக்குக் கட்டணம் தருபவரும் பெரும்பாலும் திட்டத்தை நடத்துபவரே.

இன்னொன்றும் உண்டு. இயற்கை வனப்பகுதிகள், கடலோரம், எல்லை தாண்டிய பாதிப்பு ஆகியவை சார்ந்த திட்டங்களுக்கே விரிவான மதிப்பீடு பெரும்பாலும் கேட்கப்படுகிறது. இரைச்சலும் வெப்பமும் நெரிசலும் ஒன்றாகச் சேரும் தேக்காவின் சிராங்கூன் சாலை போன்ற வட்டாரங்கள் இந்தச் சட்டகத்துக்குள் எளிதில் வருவதில்லை. சிம்சன் நெரிசலான கடைவீடுகளின் உட்பகுதிகளை ஆராய்ந்தார். ஆனால் அங்கிருந்தவர்களுக்கு அறிக்கையில் பங்கில்லை. இன்று அறிக்கையைப் படிக்கவும் கருத்துச் சொல்லவும் வழி திறந்திருக்கிறது. அந்த அறிக்கைகளோ பெரும்பாலும் காட்டைப் பற்றியும் கடலைப் பற்றியும் பேசுகின்றன.