ஒரு கோடி ரூபாயும் ஓயாத வட்டியும்

கடன் என்றால் முதலைத் திருப்பித் தரும் நாள் ஒன்று இருக்கும். அந்த நாளே இல்லாத கடன்களும் வரலாற்றில் உண்டு. முதல் திரும்பாது, வட்டி மட்டும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும். அரசாங்கங்கள் வெளியிட்ட நிரந்தரக் கடன் பத்திரங்களின் இயல்பு இதுவே.

1825 ஆம் ஆண்டில் அவத் அரசர் காஸியுத்தீன் ஹைதர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கோடி ரூபாய் அளித்தார். கம்பெனி பர்மாவுடன் போரிட்டுப் பொருள் நெருக்கடியில் இருந்த காலம் அது. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து, கடனுக்கோ முடிவில்லை. ஒரு கோடியை நூறால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் ஆண்டுத் தொகை 5 லட்சம் ரூபாய். அரசர் குறித்த குடும்பத்தார்க்கும் சார்ந்தோர்க்கும் அது மாதப்படியாகப் பிரிக்கப்பட்டது. இப்படிக்கு 'வசீகா' என்று பெயர்.

அரசி முபாரக் மஹலுக்கு மாதம் 10,000 ரூபாய், ஆண்டுக்கு 1,20,000. அதை 20 ஆல் பெருக்கினால் 24 லட்சம். அவர் பொருட்டு முதலில் ஒதுங்கி நின்ற பங்கு அதுவே. சில படிகளின் ஒரு பகுதி, 19 ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நஜஃப், கர்பலா நகரங்களின் மார்க்க அறிஞர்களைச் சென்றடைந்தது.

1856 இல் கம்பெனி அவத் அரசையே விழுங்கியது. ஆயினும் வசீகா நிற்கவில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னரும் லக்னோவில் தொடர்ந்தது. நின்று போனது அதன் மதிப்புத்தான். தொகை உயரவில்லை, விலைவாசி உயர்ந்தது, வாரிசுகள் பெருகினர். மாதம் 100 ரூபாய் பெற்றவருக்கும் அவர் வழிவந்த ஒவ்வொருவருக்கும் நான்கு பிள்ளைகள், பங்கு சமம் என்று கணக்குக்காகக் கொள்வோம். நான்காம் தலைமுறையில் 256 பேர். ஒருவருக்கு 39 பைசா. அண்மைக் காலத்தில் பத்து ரூபாய்க்கும் குறைவாகப் பெற்ற வாரிசுகள் உண்டு. அலுவலகத்திற்குப் போய்வரும் செலவுக்கே அது காணாது.

வணிகத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கியுள்ளான் அல்லாஹ் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 275 ஆம் வசனம் தரும் தெளிவு. அந்த விலக்கலை ஏற்ற நமக்கு இவ்வரலாறு மற்றொன்றையும் காட்டுகிறது. தாளில் எழுதிய 'என்றென்றும்' என்ற சொல் எண்ணைக் காத்தது, பிள்ளைகளைக் காக்கவில்லை. வக்ஃபாக விட்ட தோப்போ கடையோ காலத்திற்கேற்பக் குத்தகையும் வாடகையும் உயர்த்தித் தரும்; நேர்மையாகப் பேணும் கைகள் மட்டும் வேண்டும்.

பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்கிறோம் என்று எண்ணும் பெற்றோர், எவ்வளவு என்பதோடு எவ்வழியில் என்பதையும் எண்ணிப் பார்ப்பது நலம். அல்லாஹ் நம் பொருளில் பரக்கத் செய்வானாக.