போதுமா, போதாதா? கொடைக்கானல் சொன்ன பதில்



வங்கித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு 'டேட்டா சஃபிசியன்சி' என்றாலே சலிப்பு. விடையைக் கேட்காமல், கொடுத்த விவரம் விடைக்குப் போதுமா என்று மட்டும் கேட்கிறார்களே, இது என்ன கணக்கு என்கிறார்கள். இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டதால்தான் நம் கொடைக்கானல் மலையில் ஒரு பெரிய கண்டுபிடிப்பே நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு கணக்கு. பழனிக்கும் கொடைக்கானலுக்கும் சாலைத் தொலைவு 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணிக்குப் பழனியிலிருந்து ஒரு பஸ் மேலே ஏறுகிறது. அதே நேரத்தில் கொடைக்கானலிலிருந்து ஒரு பஸ் கீழே இறங்குகிறது.

கூற்று 1: இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகை மணிக்கு 40 கி.மீ.
கூற்று 2: இறங்கும் பஸ்ஸின் வேகம், ஏறும் பஸ்ஸின் வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கு.

எப்போது சந்திக்கும்? முதல் கூற்று மட்டும் போதும். 60-ஐ 40-ஆல் வகுத்தால் ஒன்றரை மணி நேரம், ஆகவே 9.30. ஆனால் எங்கே சந்திக்கும் என்று அது சொல்லாது. இடத்துக்கு இரண்டாவது கூற்று மட்டும் போதும். தொலைவு 3:2 எனப் பிரியும். பழனியிலிருந்து 24-ஆவது கி.மீ.யில் சந்திப்பு. ஆனால் நேரம் தெரியாது. பஸ்ஸும் அதே, சாலையும் அதே. கேள்வி மாறினால் தேவைப்படும் விவரமும் மாறுகிறது.

இந்த விதி நமக்குப் புதிதல்ல. கி.பி. 499-ல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்திலேயே இருக்கிறது. எதிரெதிர் திசை என்றால் இடைத்தொலைவை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகு. ஒரே திசை என்றால் வேறுபாட்டால் வகு. கிடைப்பது சந்திப்புக்கான காலம். அது நடந்து முடிந்த சந்திப்பாகவும் இருக்கலாம், இனி நடக்கப்போவதாகவும் இருக்கலாம் என்றும் சொல்கிறார். ஒரே திசையில் போகும்போது யார் முன்னால் என்று தெரியாமல் அதை முடிவு செய்ய முடியாது, பாருங்கள்.

இனி மலைக்கு வருவோம். நாம் 'அப்சர்வேட்டரி' என்று சொல்லும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கப்பட்டது. 1907-ல் அங்கே பணிக்கு வந்தவர் ஜான் எவர்ஷெட். 1909 ஜனவரி 5 அன்று சூரியப்புள்ளிகளின் நிறமாலையைப் படம் பிடித்தார். புள்ளியைக் கடக்கும் இடத்தில் நிறமாலைக் கோடுகள் சற்றே முறுக்கிக்கொண்டு நின்றன.

ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் கோடு ஊதா பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். இதுவும் சார்பு வேகம்தான். ஆனால் நம் பார்வைக்கோட்டின் வழியே உள்ள வேகம் மட்டுமே இதில் தெரியும். குறுக்கே ஓடுவது தெரியாது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் ஹேல், சூரியப்புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். ஆகவே வாயு சுழல்கிறது என்றே எவர்ஷெட் முதலில் எண்ணினார். அன்றைய அறிவியலும் அதைத்தான் எதிர்பார்த்தது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அவர் நிறுத்தவில்லை. ஒளியை உள்ளே விடும் பிளவை வெவ்வேறு கோணங்களில் புள்ளியின் குறுக்கே வைத்துப் படமெடுத்தார். வாயு சுழன்றால் ஒரு கோணத்தில் நகர்வு பெரிதாகத் தெரிய வேண்டும். மையத்திலிருந்து வெளியே பாய்ந்தால் வேறொரு கோணத்தில். படங்களை ஒப்பிட்டபோது சுழற்சி பொருந்தவில்லை. புள்ளியின் மையத்திலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பது உறுதியானது. வேகம் நொடிக்குச் சுமார் 2 கி.மீ. பின்னர் எடுத்த படங்களில், அதற்கும் மேலுள்ள அடுக்குகளில் வாயு உள்நோக்கிப் பாய்வதும் தெரிந்தது. இன்றும் உலகம் இதை 'எவர்ஷெட் விளைவு' என்றே அழைக்கிறது.

ஒரு கோணத்துப் படம் ஒரு கூற்று மாதிரி. அதை வைத்து விடை சொல்லலாம், தவறாகவும் சொல்லலாம். "இது போதாது" என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அடுத்து எந்த விவரத்தைத் தேட வேண்டும் என்பதும் தெரியும். தேர்வில் அந்தக் கேள்வியைக் கேட்பது அதற்காகத்தான், பிள்ளைகளே.

வழக்கம்போல் வீட்டுப்பாடம் உண்டு. பழனியிலிருந்து 8 மணிக்கு ஒரு லாரியும், 8.30-க்கு ஒரு காரும் அதே சாலையில் மலையேறுகின்றன. கூற்று 1: லாரியின் வேகம் மணிக்கு 20 கி.மீ. கூற்று 2: காரின் வேகம் அதைப்போல் இருமடங்கு. கார் லாரியை எப்போது பிடிக்கும், எங்கே பிடிக்கும்? ஒவ்வொன்றுக்கும் எது போதும்? காரணத்தோடு எழுதுங்கள். வெறும் விடைக்கு மதிப்பெண் கிடையாது!