ஓலையில் எழுதப்பட்ட குடும்பம்: தென் திருவிதாங்கூர் அடிமை ஆவணங்களும் அமெரிக்கத் தோட்டக் கடிதங்களும்

திருவிதாங்கூரின் அடிமை முறையை அமெரிக்கத் தென் மாநிலங்களின் அடிமை முறையோடு ஒப்பிடத் தொடங்கும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. அங்கே பருத்தித் தோட்டம், கங்காணி, சவுக்கு. இங்கே நெல்வயல், தறவாடு என்னும் கூட்டுக்குடும்பம், பழைய வழக்கம். எனவே இரண்டும் வேறு என்று முடித்துவிடுகிறோம். பயிரும் முதலீடும் வேறுதான். ஆனால் இந்த முடிவுக்கு வரும் வழியில் சான்றின் வடிவத்தைக் கவனிக்கத் தவறுகிறோம். அமெரிக்கத் தோட்ட வாழ்வைப் பெரிதும் குடும்பக் கடிதங்கள் வழியே அறிகிறோம். தென் திருவிதாங்கூரைச் சொத்து கைமாறும்போது எழுதப்பட்ட ஓலைக் கரணங்கள் வழியே அறிகிறோம். கடிதத்துக்கும் கரணத்துக்கும் உள்ள வேறுபாட்டையே இரண்டு அடிமை முறைகளுக்கும் உள்ள வேறுபாடாக நெடுங்காலம் கணக்கு வைத்துவிட்டோம் என்பது என் வாதம்.

கடிதத்திலிருந்து தொடங்கலாம். ஜார்ஜியா மாநிலத்தின் லிபர்ட்டி கவுண்டியில் மூன்று தோட்டங்களை வைத்திருந்த பிரஸ்பிட்டேரியன் போதகர் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸின் குடும்பக் கடிதங்கள் 1972இல் பெருந்தொகுப்பாக வெளிவந்தன. காய்ச்சல், மழை, விருந்து, மகனின் வக்கீல் தொழில், யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்று எல்லாம் அதில் உண்டு. அடிமைகளும் வீட்டு மனிதர்கள்போலவே அதில் நலம் விசாரிக்கப்படுகிறார்கள். இதே குடும்பம்தான் 1850களின் நடுவில் பீபி, காஷியஸ் என்ற தம்பதியைப் பிள்ளைகளோடு விற்றது. விற்பனை பற்றிய கடிதங்களில் வருத்தமும் வேதமும் நியாயமும் நிறைய. நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தத் தம்பதியின் பெயரில் 1857 மார்ச்சில் ஒரு கடிதம் திரும்பி வருகிறது. விட்டுவந்த மகளுக்கும் உறவினருக்கும் நலம் சொல்லச் சொல்லும் அந்தக் கடிதம், தங்களை விற்றதற்குக் காரணம் எஜமானரின் வன்மம் என்று நேராகச் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் போதகரின் வருத்தம் மட்டுமே வரலாறாக நின்றிருக்கும். எர்ஸ்கின் கிளார்க் 2005இல் எழுதிய நூல், இதே கடிதக் குவியலை அடிமைக் குடிசைகளின் பக்கம் திருப்பி வைத்துப் படித்துக் காட்டியது.

தென் திருவிதாங்கூரின் நாஞ்சில் நாட்டில் அப்படிப்பட்ட கடிதக் குவியல் ஏன் இல்லை? கடிதத்துக்குப் பிரிவு வேண்டும். ஜோன்ஸ் வீட்டுப் பிள்ளைகள் படிப்புக்கும் தொழிலுக்கும் வெளியூர் போனார்கள், பெற்றோர் எழுதினார்கள். மருமக்கள்வழிக் குடும்பத்தில் தலைவரான காரணவரும் மருமகனும் ஒரே கூரையின் கீழ், ஒரே பத்தாயத்து நெல்லை உண்டு வாழ்ந்தார்கள். திருவிதாங்கூர் அஞ்சலும் தொடக்கத்தில் அரசின் வேலைக்கே ஓடியது. பொதுமக்களுக்குப் பின்னால்தான் திறந்துவிடப்பட்டது. ஆகவே குடும்பம் எழுத்துக்கு வந்தது பாசத்தால் அல்ல, சொத்து கைமாறும்போது. பொதுச் சொத்தைக் காரணவர் தனியாக விற்றால் இளைய பங்காளிகளான அனந்திரவர் நாளை வழக்காடலாம் என்பதால் அவர்களையும் கூட்டி எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. நம்மிடம் இருக்கும் குடும்ப எழுத்து அதுதான்.

அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகள் இதற்கு முதன்மையான சான்று. அரசனின் நீட்டுகள், வரிக் கணக்கு, ஒற்றி, விலையோலை எனப் பலவும் கலந்து கிடந்த இந்தச் சேர்க்கையை ஆய்வுலகுக்குக் கொண்டுவந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. கவிஞராகவே நினைவில் நின்றுவிட்டதால், திருவனந்தபுரத்தில் ஆசிரியராக இருந்த இந்த மனிதர் கல்வெட்டிலும் ஓலையிலும் செலவிட்ட உழைப்பு பலருக்கும் தெரியாமல் போய்விட்டது. பின்னாளில் அ.கா. பெருமாள் முதலியார் ஓலைகளையும், அடிமை ஆவணங்களைத் தனியாகவும் பதிப்பித்தார். பள்ளர், பறையர் மட்டுமல்ல, வறுமையில் விழுந்த வெள்ளாளரும் விலைக்குப் போனதை இவை காட்டுகின்றன. ‘சாதி வேறு, அடிமை வேறு’ என்றோ ‘சாதிதான் அடிமை’ என்றோ ஒற்றை வரியில் முடிப்பவர்களுக்கு இந்த ஓலைகள் இடம் கொடுப்பதில்லை.

கரணத்தின் நடை வறண்டது. கொல்லம் ஆண்டு, மாதம், தேதி, கொள்பவர் யார், கொடுப்பவர் யார், ஆள் யார், விலை எத்தனை பணம், அது கைக்கு வந்துவிட்டது என்ற ஒப்புதல், சாட்சி, எழுதியவன் கையெழுத்து. வருத்தமும் இல்லை, வேதமும் இல்லை. இந்த வறட்சியைப் பார்த்துவிட்டு, இங்கே அடிமை முறை ஏதோ நில உறவின் ஒரு பகுதி மட்டுமே, கொடுமையின் தடம் இல்லை என்று எழுதியவர்கள் உண்டு. நான் இதை மறுபுறமாகப் பார்க்கிறேன். ஜோன்ஸ் கடிதம் மறைக்க முயல்வதைக் கரணம் மறைக்கத் தேவையில்லாமல் சொல்லிவிடுகிறது. ஆளை விற்பவன் யாரிடமும் தன்னை நியாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

1800-01இல் மலபார் வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் பதிந்தவை இந்த வறட்சிக்குள் இருக்கும் அன்றாடத்தைத் திறக்கின்றன. நிலத்துக்குரிய மூன்று வழிகளிலேயே ஆளும் கைமாறினான்: ஜன்மம் (முழு விற்பனை), காணம் (ஒற்றி), பாட்டம் (குத்தகை). இளம் கணவன் மனைவிக்கு 250 முதல் 300 பணம் வரை விலை. சிறு பிள்ளைகள் இரண்டு மூன்று இருந்தால் இன்னும் 100 பணம். பாட்டத்துக்கு விட்டால் ஆணுக்கு ஆண்டுக்கு 8 பணம், பெண்ணுக்கு அதில் பாதி. காணத்திலோ பாட்டத்திலோ எடுத்தவனுக்கு ஆளின் வேலையைக் கூட்டி உணவைக் குறைப்பதே ஆதாயம் என்பதால் அந்த இரண்டு முறைகளுமே மிகக் கொடியவை என்று புக்கானன் கருதினார். ஒரு விலைப்பட்டியல் ஒரு குழந்தையின் இடத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும்போது உணர்ச்சி வாக்கியம் எதற்கு?

ஆனால் கரணம் விற்பனை நாளை மட்டுமே அறியும். மறுநாள் காலை என்ன நடந்தது என்பதற்கு வேறு கை வேண்டும். அந்தக் கை மிஷனரிகளுடையது. திருவிதாங்கூரின் கடித எழுத்தாளர்கள் அவர்களே. அவர்கள் எழுதிய நாட்டில் அடிமை முறையின் அளவு இது: திருவிதாங்கூரின் 1836 கணக்கெடுப்பின்படி 12,80,668 மக்களில் 1,64,864 பேர் அடிமைகள், ஏறக்குறைய எட்டுக்கு ஒருவர். 1847 மார்ச்சில் மிஷனரிகள் மகாராஜாவிடம் விண்ணப்பம் கொடுத்தார்கள். 1853இல் அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு விடுதலை, 1855 ஜூன் 24ஆம் தேதிப் பிரகடனத்தில் முழு ஒழிப்பு. திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் பணியாற்றிய லண்டன் மிஷனின் சாமுவேல் மட்டீர் 1871இலும் 1883இலும் வெளியிட்ட நூல்களில், வயலோரக் குடிசை, வேலை செய்த நாளுக்கு மட்டும் அளக்கப்படும் நெல், ‘நான்’ என்று சொல்ல முடியாத பேச்சு என்று விவரங்கள் குவிகின்றன. மட்டீர் வந்தது ஒழிப்புக்குப் பிறகு. லண்டன் வாசகரின் நன்கொடையும் அவர் கண்முன் இருந்தது. ஆகவே இதுவும் யாரையோ நோக்கி எழுதப்பட்ட கடிதம்தான். ஜோன்ஸ் கடிதத்துக்குக் காட்டும் சந்தேகத்தை இதற்கும் காட்ட வேண்டும்.

தோட்டமே இங்கு இல்லை என்பதும் முழு உண்மையல்ல. வட மலபாரில் கண்ணூரை அடுத்த அஞ்சரக்கண்டியில் மர்டாக் பிரவுன் நடத்திய மிளகு, பட்டைத் தோட்டத்துக்கு ஆலப்புழை வழியாகத் திருவிதாங்கூர்ப் பிள்ளைகள் கடத்திக் கொண்டுபோகப்பட்டனர். அடிமை அல்லாத குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் இருந்தனர். தலைச்சேரி நீதிபதி தாமஸ் ஹார்வி பேபர் 1811-12இல் இதைக் கண்டுபிடித்துப் பலரை மீட்டார். அது குறித்த கடிதப் போக்குவரத்து பின்னர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற ஆவணங்களில் அச்சேறியது. பிள்ளைகளைத் தேடிய பெற்றோரின் எழுத்து மட்டும் அந்தப் பக்கங்களில் இல்லை.

அந்த எழுத்தின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது பாட்டு. இரவிப்பேரூரில் 1879இல் பிறந்து, பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவி, பின்னர் திருவனந்தபுரத்தில் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராகவும் அமர்ந்த பொய்கையில் யோகன்னானின் மரபில், தந்தை ஓரிடத்துக்கும் தாய் வேறிடத்துக்கும் விற்கப்பட, பிள்ளைகள் அனாதையாக நின்ற நினைவு இன்றும் பாடப்படுகிறது. இங்கே ஒரு முரண் எழுகிறது. கணவனையும் மனைவியையும் பிரித்து விற்பதில்லை, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாம் என்பதே வழக்கம் என்று புக்கானனுக்குச் சொல்லப்பட்டது. பாட்டு சொல்வது வேறு. இடமும் காலமும் வேறு என்பது ஒரு விளக்கம். அதைவிட வலுவானது, புக்கானன் கேட்டது உடைமையாளர்களின் வாயிலிருந்து என்பது. ‘குடும்பத்தைப் பிரிக்கவில்லை’ என்ற அதே சமாதானத்தைத்தான் ஜோன்ஸும் தனக்குச் சொல்லிக்கொண்டார். கணவன் ஒருவருக்கும் மனைவி இன்னொருவருக்கும் உரியவர்களாக இருந்துவிட்டால், ஒரு கரணம்கூட எந்த விதியையும் மீறாமலேயே அந்தக் குடும்பம் உடைந்துபோகும். இதைச் சோதிக்க வழி உண்டு: அச்சேறிய கரணங்களில் ஆண் மட்டும், பெண் மட்டும், பிள்ளை மட்டும் விலைபோனவற்றைத் தனியே பிரித்து, ஊர்வாரியாக, ஆண்டுவாரியாக வரிசைப்படுத்த வேண்டும்.