பெயர் சொன்னால் வழி காட்டுவது யார்? .எல்கே முதல் .இலங்கை வரை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன், சாதாரண தரப் பெறுபேறு வெளியான நாள். வீட்டில் இணைய வசதி இல்லாத பிள்ளைகளும் பெற்றோரும் எங்கள் பாடசாலைக் கணினி அறைக்கு வந்திருந்தார்கள். எந்தக் கணினியிலும் எந்தத் தளமும் திறக்கவில்லை. "லைன் போய்விட்டது" என்று சொல்லி, ஒரு மணித்தியாலம் அவர்களை வாங்கில் உட்கார வைத்துவிட்டோம்.

பிறகு எங்கள் பழைய மாணவர் ஒருவர் வந்து பார்த்தார். "லைன் இரிக்கி சேர், பேரத்தான் தேட ஏலாம இரிக்கி" என்றார். விஷயம் இதுதான். முன்பு வைத்திருந்த இணைய இணைப்பின் டிஎன்எஸ் இலக்கத்தை யாரோ ஒருவர் எல்லாக் கணினியிலும் கையால் பதிந்து வைத்திருந்தார். இணைப்பை மாற்றிய நாங்கள் அந்த இலக்கத்தை மாற்றவில்லை. வெளியார் கேட்டால் பழைய சேவையகம் பதில் சொல்லாது. அமைப்பை "தானாகப் பெறுக" என்று மாற்றியதும் பத்து நிமிடத்தில் எல்லாம் திறந்தன. பிழை எங்களுடையது. பகலிலிருந்து காத்திருந்த ஒரு தாயின் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

அன்றுதான் இந்தப் பெயர் தேடும் வேலையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம்.

கணினிக்குப் பெயர் தெரியாது, இலக்கம்தான் தெரியும். மனிதருக்கு இலக்கம் நினைவில் நிற்காது, பெயர்தான் நிற்கும். இரண்டையும் இணைத்து வைக்க ஒரு பட்டியல் வேண்டும். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில் அந்தப் பட்டியல் ஒரே ஒரு கோப்பாக இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பேணியது. புதிய கணினி ஒன்று சேர்ந்தால் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள். மற்ற எல்லோரும் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். சில நூறு கணினிகள் இருந்தவரை இது போதுமாக இருந்தது. தொகை கூடக்கூட ஒரு கந்தோரால் சமாளிக்க முடியாமல் போனது.

1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் வேறு வழியைச் சொன்னார். பட்டியலை ஒரே இடத்தில் வைக்காமல் பிரித்துக் கொடுங்கள், ஒவ்வொருவரும் தன் பகுதிக்குத் தானே பொறுப்பு என்றார். அதுதான் ஆள்களப் பெயர் முறைமை, டிஎன்எஸ்.

நமது தபாலை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து அக்குறணைக்கு ஒரு கடிதம் வருகிறது. அங்குள்ள தபால்காரர் வீட்டு இலக்கத்தைப் பார்ப்பதில்லை. கடைசி வரியில் "இலங்கை" என்பதை மட்டும் பார்த்து அனுப்புவார். கொழும்பில் கண்டி மாவட்டம் என்று பார்ப்பார்கள். ஊர்த் தபாற்கந்தோரில்தான் வீதியும் வீடும் தேவைப்படும். டிஎன்எஸ்ஸும் பின்னாலிருந்துதான் வாசிக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் முகவரி பிடிஎன் டொட் ஏசி டொட் எல்கே. முதலில் உலகின் மூலச் சேவையகத்திடம் "எல்கே எங்கே?" என்று கேட்கும். பிறகு எல்கே சேவையகத்திடம் உயர்கல்விக்குரிய "ஏசி" பகுதியைக் கேட்கும். கடைசியில் பேராதனையின் சேவையகம் இலக்கத்தைச் சொல்லும். கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை திரும்பக் கேட்க வேண்டியதில்லை என்பதற்காக.

இந்த வரிசையில் நம் நாட்டுக்கு இடம் கிடைத்த வருடம் 1990. ஓகஸ்ட் மாதத்தில் .எல்கே பதிவானது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிஹான் டயஸ் அதற்குப் பொறுப்பாக இருந்தார். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நாட்டில் பொதுமக்களுக்கு இணைய சேவை வந்தது 1995இல்தான். அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே, பல்கலைக்கழகங்கள் தொலைபேசி வழியாக மின்னஞ்சல் அனுப்பப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், நாட்டின் பெயரை இவர்கள் உறுதி செய்துவிட்டார்கள். பாதை போடுவதற்கு முன் பெயர்ப்பலகை நட்ட மாதிரி.

ஆனால் அந்தப் பலகை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. கண்டியில் வாழும் நமக்கு இது புதிய கதை அல்ல. நாம் கண்டி என்கிறோம், சிங்களச் சகோதரர் மஹநுவர என்கிறார். மூத்தவர்கள் வார்ட் வீதி என்று சொன்னதை இன்று தலதா வீதி என்கிறோம். இடம் ஒன்றுதான். யார் எந்தப் பெயரால் கேட்டாலும் வழி காட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிஎன்எஸ்ஸுக்கு அது நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. ஆங்கில எழுத்தும் இலக்கமும் சிறு கோடும் மட்டுமே அதற்குப் பழக்கம். 2003இல் வந்த விதிமுறைகள், தமிழ், அரபு, சீனம் போன்ற எழுத்துகளை உள்ளுக்குள் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றி அனுப்ப வழி செய்தன. 2007 ஒக்டோபரில் உலக மூலச் சேவையகங்களில் 11 மொழிகளுக்குச் சோதனைப் பெயர்கள் வைக்கப்பட்டன. அதில் தமிழும் ஒன்று. "உதாரணம்.பரிட்சை" என்பதே அந்தப் பெயர். "பரீட்சை" என்றல்லவா நாம் எழுதுவோம் என்று ஆசிரியர்கள் சிவப்புப் பேனையை எடுப்பது தெரிகிறது! ஆனாலும் அந்தச் சோதனையில் தமிழ் சித்தியடைந்தது. 2010இல் .இலங்கை, .ලංකා என்று எழுதுவதற்குப் பதிலாக நாம் சொல்லும் சிங்கள "லங்கா", இரண்டும் .எல்கேயோடு சமமாக உலகப் பட்டியலில் ஏறின.

பெயரைக் காட்டுபவன் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி காலை, கூகுளின் இலங்கைப் பக்கத்தைத் தேடிப் போன பலர் வேறொரு பக்கத்தைக் கண்டார்கள். நாட்டின் சமூகப் பிரச்சினைகளைப் பேசும் பக்கம் அது. கூகுளின் கணினிக்குள் யாரும் நுழையவில்லை. சில .எல்கே பெயர்களுக்குரிய பதிவைத்தான் மாற்றியிருந்தார்கள். சந்தியில் நிற்கும் கைகாட்டியைத் திருப்பி வைத்தால் போதும், வாகனமெல்லாம் தப்பான ஊருக்குப் போய்விடும்.

2018 மார்ச்சை நாம் யாரும் மறக்க மாட்டோம். திகனயிலும் தெல்தெனியவிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்த நாட்கள். அவசரகாலச் சட்டம் வந்தது. 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவை நாடு முழுவதும் முடக்கப்பட்டன. ஒரு வாரத்துக்குப் பிறகே திரும்பி வந்தன. வெறுப்புச் செய்திகள் அந்த வழியாகத்தான் பரவின என்பது உண்மை. அதே வழியாகத்தான் "உம்மா வாப்பா பத்திரமா?" என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள் என்பதும் உண்மை. அந்த நாட்களில் ஊர் இளைஞர்கள் விபிஎன் போடவும் டிஎன்எஸ் இலக்கத்தை மாற்றவும் ஓடித் திரிந்தார்கள். 2014இல் துருக்கியில் டுவிட்டர் தடுக்கப்பட்டபோது, இஸ்தான்புல் சுவர்களிலேயே 8.8.8.8 என்ற கூகுளின் டிஎன்எஸ் இலக்கத்தை எழுதி வைத்தார்கள். பெயரை மட்டும் மறைக்கும் தடைக்கு அது பலிக்கும். பாதையையே மூடினால் பலிக்காது.

ஆனால் அவசரத்தில் யாரோ அனுப்பிய இலக்கத்தை அப்படியே பதிவது ஆபத்து. டிஎன்எஸ்ஸை ஒருவர் கையில் கொடுப்பதென்றால், "நான் எங்கே போகிறேன் என்பதைப் பார்த்துக்கொள், வழியையும் நீயே சொல்" என்று அவரிடம் ஒப்படைப்பதாகும். பொய்யான வங்கிப் பக்கத்துக்குக்கூட அவர் அனுப்பலாம்.

ஆகவே ஊராருக்கு நமது வேண்டுகோள் மூன்று.

முதலாவது, பாடசாலை, மதரசா, கடை எதுவானாலும் கணினிகளின் டிஎன்எஸ் அமைப்பை ஒரு முறை பாருங்கள். கையால் பதிந்த இலக்கம் இருந்தால் அது யாருடையது என்று கேளுங்கள். தெரியாவிட்டால் "தானாகப் பெறுக" என்று விடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற அறிந்த இலக்கங்களையே போடுங்கள். ரௌட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். அதற்குள் நுழைந்தவர் வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிக்கும் வழியை மாற்றலாம்.

இரண்டாவது, செய்த மாற்றத்தை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். எங்கள் அறையில் அந்தக் கொப்பி இருந்திருந்தால் அந்தத் தாய் காத்திருந்திருக்க மாட்டார்.

மூன்றாவது, .இலங்கை என்ற பெயர் நமக்குக் கிடைத்துப் பல வருடங்களாகிவிட்டன. நம் ஊரில் அந்தப் பெயரில் ஒரு தளத்தை நாம் இன்னும் காணவில்லை. பழைய மாணவர் சங்கங்களே, ஊர் நூலகங்களே, ஒன்றைத் தொடங்குங்கள். உலகப் பட்டியலில் தமிழுக்கு இடம் வாங்கித் தந்தவர்கள் தம் வேலையை முடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் வீடு கட்டுவது நம் பொறுப்பு.

உங்கள் பாடசாலையின் கணினி அறை அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்க உதவும்.