வெக்கைக்குப் பின் ஆட்டுக்கொல்லி

தி.நகருக்குத் தெற்கே, அடையாற்றை ஒட்டிய சைதாப்பேட்டையில் 1865-இல் அரசு ஒரு வேளாண் பண்ணையை அமைத்தது. 1876-இல் அங்கு வேளாண் பள்ளி தொடங்கியபோது கால்நடை நோய்களும் பாடமாயின. தமிழகத்தின் கால்நடை மருத்துவக் கல்விக்கு அதுவே தொடக்கம்.

அன்றைய உழவரையும் மேய்ப்பரையும் அதிகம் அச்சுறுத்தியது வெக்கை நோய். காய்ச்சல், வாய்ப்புண், கடும் கழிச்சல் என முற்றி, சில நாட்களிலேயே மாட்டைச் சாய்த்துவிடும். நோய் பரவுவதைத் தடுக்கச் சென்னை மாகாணம் 1866-இல் தனிச் சட்டமே இயற்றியது. கால்நடை மருத்துவர் ஹாலன் தலைமையிலான ஆணையம் இந்திய மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய்ந்து 1871-இல் அறிக்கை தந்தது. 1903 அக்டோபர் 1 அன்று சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 20 மாணவர்களுடன் பிறந்தது.

ஆனால் சட்டமும் கல்லூரியும் மட்டும் வெக்கையை வென்றுவிடவில்லை. 1920-களில் முக்தேசுவர் கால்நடை ஆய்வகத்தில் விஞ்ஞானி எட்வர்ட்ஸ், வெக்கைக் கிருமியை வெள்ளாடுகளில் மீண்டும் மீண்டும் செலுத்தி வீரியம் குறைத்துத் தடுப்பூசியாக்கினார். 1954-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. நாட்டின் கடைசி வெக்கைத் தாக்குதல் 1995-இல் பதிவானது, நம் வடாற்காட்டில். 2006-இல் இந்தியா வெக்கைத் தொற்றற்ற நாடு என்ற சான்று பெற்றது. 2011-இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த நோய் இது ஒன்றுதான். பிழைத்த மாட்டுக்கும் ஊசி போட்ட மாட்டுக்கும் ஆயுள் முழுக்க எதிர்ப்பாற்றல் நிலைத்ததும், குணமான மாடு கிருமியைச் சுமந்து திரியாததும் இந்த வெற்றிக்குத் துணைநின்றன.

இதற்கிடையே இன்னொரு நோய் தலைகாட்டியது.

1987-இல் விழுப்புரம் பகுதியின் அரசூரில் செம்மறிகளுக்குக் காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல். பார்வைக்கு வெக்கை போலவே இருந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலா உள்ளிட்ட ஆய்வாளர்கள் இது ஆட்டுக்கொல்லி நோய் என்று 1989-இல் அறிவித்தார்கள். 1942-இல் ஐவரி கோஸ்ட்டில் முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய் இந்தியாவில் உறுதியானது அப்போதுதான். வெக்கை, ஆட்டுக்கொல்லி, மனிதரின் தட்டம்மை மூன்றுமே ஒரே வைரஸ் குடும்பம். அதனால் முன்பு வெக்கைக் கணக்கில் எழுதப்பட்ட ஆட்டுச் சாவுகளில் ஒரு பகுதி ஆட்டுக்கொல்லியால் நேர்ந்திருக்கலாம். அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த கிருமியையே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வீரியம் குறைத்துத் தடுப்பூசியாக்கியது.

ஒரே ஊசி பல ஆண்டுகள் காக்கும். அப்படியிருந்தும் நோய் ஏன் ஒழியவில்லை? மாடு பல ஆண்டுகள் ஒரே தொழுவத்தில் நிற்கும். ஆட்டு மந்தை அப்படியல்ல. ஆண்டுதோறும் குட்டிகள் பிறக்க, பெரியவை சந்தைக்குப் போக, மந்தையே மாறிக்கொண்டிருக்கும். ஊசி போடாத குட்டிகள் சேரச் சேரக் கிருமிக்கு வழி திறக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் எனும் ஆட்டு மேய்ப்பர்களோ அறுவடைக்குப் பின் டெல்டா வயல்களில் கிடை போட, அதாவது மந்தையை இரவில் வயலில் அடைக்க, மாவட்டம் கடந்து நடப்பவர்கள். ஊர் ஊராக நடக்கும் தடுப்பூசி முகாம் அவர்கள் ஊரில் இல்லாத நாளில் வந்து போய்விடும். வழியில் பல மந்தைகள் ஒரே குளத்தில் நீர் குடிக்கும்போது, நோயுற்ற ஆட்டின் மூச்சும் சளியும் மற்றவற்றைத் தொற்றும். மந்தை விழுந்தால் அந்தக் குடும்பத்தின் முதலே போனதாகும்.

2030-க்குள் ஆட்டுக்கொல்லியை ஒழிப்பது உலக இலக்கு. தமிழகத்தில் அந்த வேலையின் தலைமையிடம், சைதாப்பேட்டைக்குப் பக்கத்திலேயே நந்தனத்தில் இயங்கும் கால்நடைத் துறை. முகாம் நாட்காட்டியைக் கிடை நாட்காட்டியோடு பொருத்த வேண்டும். மந்தை ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஊசி, போகும் மாவட்டத்திலும் செல்லுபடியாகும் தடுப்பூசிப் பதிவு, வழியில் பிறந்த குட்டிகளுக்கு அங்கேயே ஊசி: இம்மூன்றையும் கீதாரிகளோடு கலந்து பேசி அரசு உறுதிசெய்ய வேண்டும்.